ஏழாம் கட்டிலின் களி

ஞானபாய்க்கு எதைக் கண்டுதான் பயமில்லை? இடிக்குப் பயம், பஸ்ஸுக்குப் பயம், மேட்ரனின் செருப்புச் சத்தத்துக்குப் பயம். படித்தவர்கள் ஏதாவது கேட்டால் பயம். ஒன்றும் கேட்காமல் முகத்தையே பார்த்தால் அதைவிடப் பயம். ஆஸ்பத்திரிச் சமையலறையில் ஆறு வருஷம் வேலை பார்த்தும் ஒருநாள்கூட அவளாக முன்வந்து எந்த டாக்டரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டதற்குத் தலையாட்டுவாள், அவ்வளவுதான். அந்தத் தலையாட்டலும் ஆமாம் என்கிறதா இல்லை என்கிறதா என்று கேட்டவருக்குப் புரியாது.

ஆனால் அவளுடைய பயங்களில் ஒன்றுக்கு மட்டும் நியாயமான காரணம் இருந்தது. களியக்காவிளைக்குத் தெற்கே அவள் பிறந்த ஊரில், அவளுக்கு ஒன்பது வயதாகும்போது, அப்பா பனையிலிருந்து விழுந்தார். காலையில் கலயத்தோடு ஏறிப் போனவரை மத்தியானம் பாயில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அதன்பிறகு அவள் பனையை அண்ணாந்து பார்ப்பதே இல்லை. அப்படிப்பட்ட பெண்ணைக் கொண்டுபோய் அவர்கள் யாருக்குக் கட்டிவைத்தார்கள் தெரியுமா? இன்னொரு பனையேறிக்கு. ராஜையன் நல்ல மனுஷன், நெஞ்சில் தழும்பு காய்த்த மனுஷன். காலையிலும் மாலையிலுமாக முப்பது பனை ஏறி இறங்குவான். அவன் மரத்தில் இருக்கிற நேரமெல்லாம் இவள் அடுப்படியில் முதுகைத் திருப்பிக்கொண்டு பதனீரைக் கிண்டிக்கொண்டிருப்பாள். அவன் கால் மண்ணில் பட்ட சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விடுவாள். தினமும் ஒரே ஜெபம்: கர்த்தாவே, இவரை மரத்திலிருந்து எப்படியாவது இறக்கிவிடும்.

அந்த ஜெபத்தை அவள் பின்னால் எத்தனை தடவை நினைத்து நடுங்கினாள் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் இல்லாத வீடு. பனை ஓய்ந்த மாதங்களில் கையும் காலும் சும்மா இருக்க வேண்டாம் என்று, சபையில் பழக்கமான ஒரு நர்ஸம்மா திருவனந்தபுரத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துவிட்டாள். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். கிழக்கேகோட்டையிலிருந்து கால்மணி நேர நடை. போகப்போக அது வருஷம் முழுவதுமான வேலையாயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து திரும்பி வருவாள். வரும்போது பையில் ஓலைக்கொட்டானில் கருப்பட்டி இருக்கும். ராஜையன் இறக்கியது, போன அன்று ராத்திரியே இவள் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றியது. அது இல்லாமல் அவளுக்குக் காப்பி இறங்காது.

ஐம்பத்துமூன்றாம் வருஷம் பனை பருவத்தில் ராஜையனுக்கு உடம்பு இளைத்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். வேலி ஓரத்தில் அவன் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்த்தது. அதையெல்லாம் சட்டை பண்ணுகிற ஆளா அவன்? பனைமட்டையின் ரம்பம் போன்ற கருக்கு வலதுகால் பெருவிரலைக் கிழித்ததையும் அப்படித்தான் விட்டுவிட்டான். ஒரு மாசமாகியும் அது ஆறவில்லை. விரல் கறுத்து, அடுத்த விரலுக்கும் கறுப்பு ஏறிய பிறகு ஞானபாய் அவனைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தாள். பஸ் பயம் அன்றைக்கு அவளுக்கு ஞாபகமே வரவில்லை.

நீரிழிவு என்றார்கள். இன்சுலின் ஊசி போட்டார்கள்; போட்ட அரைமணியில் உடம்பெல்லாம் தடித்து, கண் வீங்கி, மூச்சு முட்டியது. இரண்டு நாள் கழித்து மறுபடி கொஞ்சமாகப் போட்டுப் பார்த்தார்கள். மறுபடியும் அதே கூத்து. இவனுக்கு ஊசி ஆகாது என்று எழுதி வைத்துவிட்டார்கள். பெரிய சர்ஜன் வந்து காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே கையால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். ராஜையன் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவனை அப்போது காப்பாற்றியது டாக்டர் அழகியநம்பி. கோட்டைக்குப் பக்கத்து ஸ்ரீவராகத்துக்காரர், மெலிந்த, வேகமாக நடக்கிற மனிதர். மதராஸில் படித்துவிட்டு வந்து, நம் அடுக்களையில் கிடக்கிற வெந்தயம் நீரிழிவைக் குறைக்குமா என்று பார்த்தே தீருவேன் என்று எட்டுப் பேரை ஒரு வார்டில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார். வெந்தயம் கொடுக்கத் தொடங்குமுன்பே ஏழாம் கட்டில் காலியாகிவிட்டது. "நாற்பது நாள் எனக்குத் தாருங்கள். அதற்குள் மூத்திரத்தில் சர்க்கரை இறங்கினால் ரத்தம் ஓடும், புண் ஆறும். இறங்காவிட்டால் நீங்கள் உங்கள் வேலையைச் செய்யுங்கள்" என்று சர்ஜனிடம் கேட்டு வாங்கினார்.

ஆக, ராஜையனின் கால் வெந்தயத்தின் கையில் இருந்தது. வெந்தயமோ ஞானபாயின் கையில் இருந்தது.

தினம் ஆளுக்கு இரண்டு அவுன்ஸ். முந்தின நாளே ஊறவைத்து, அரைத்து, கொஞ்சம் அரிசி நொய் சேர்த்து, உப்புப் போட்டுக் களியாகக் கிண்ட வேண்டும். காலை ஆறு மணிக்குப் பாதி, சாயங்காலம் ஐந்துக்குப் பாதி. எட்டு எனாமல் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் சிவப்புச் சாயத்தில் நம்பர். சமையலறைச் சுவரில் டாக்டர் ஒரு தாள் ஒட்டி, அதைத் தம் வாயாலேயே அவளுக்குப் படித்தும் காட்டினார்: சீனி கூடாது, சர்க்கரை கூடாது, தேன் கூடாது, பழம் கூடாது, பாயசம், பலகாரம் எதுவும் கூடாது. "ஒரு துளி உள்ளே போனாலும் என் வேலையெல்லாம் பாழ், ஞானபாய். புரிஞ்சுதா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

சமையலறைக்கு அடுத்த அறை லேப். அங்கே பகவதி என்று நாகர்கோவில் பக்கத்துப் பையன் ஒருவன், இருபத்தைந்து வயதிருக்கும், தினமும் எட்டுச் சீசா மூத்திரத்தைச் சோதிப்பான். சோதனைக் குழாயில் நீலத் தண்ணீரை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவான். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் கூடுதல், செங்கல் நிறம் என்றால் ஆபத்து. அந்த நீலத்துக்கு பெனடிக்ட் என்று பெயர் சொன்னான். ஏதோ ரோமன் கத்தோலிக்கப் பாதிரியார் மந்திரித்துக் கொடுத்ததாக்கும் என்று ஞானபாய் அதையும் தள்ளி நின்றே பார்த்தாள். முதல் நாள் எட்டுக் குழாயும் செங்கல்தான்.

வெந்தயக்களியை நீங்கள் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் விட்டுத் தின்றிருப்பீர்கள். வெறும் உப்புப் போட்டுத் தின்று பாருங்கள், தெரியும். மூன்றாம் கட்டில் தாணுமாலயன் பிள்ளை, பென்ஷன் வாங்குகிற ஹெட் கிளார்க், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வசவு வைத்து விழுங்குவார். "எம்மா, ஒனக்கு நான் என்ன துரோகம் செஞ்சேன்? இதைவிட எலிப்பாஷாணத்தைத் தந்திரு" என்பார். ஞானபாய் தலையைக் குனிந்துகொண்டு கிண்ணம் காலியாகும்வரை நிற்பாள். பாவமாகத்தான் இருக்கும். ஆனால் டாக்டர் மேல் உள்ள பயம் பாவத்தைவிடப் பெரியது.

ஏழாம் கட்டிலில் அந்தக் கணக்குத் தப்பிப்போயிற்று. ராஜையன் முதல் நாள் தின்றதை வாந்தியெடுத்தான். இரண்டாம் நாளும் எடுத்தான். மூன்றாம் நாள் வாயையே திறக்கவில்லை.

"எடி ஞானம், இத மனுசன் தின்பானாடி? தொண்டையில எறங்கல்ல. எனக்கக் கால அவிய வெட்டிக்கிட்டுப் போட்டும், இத எடுத்துக்கிட்டுப் போ."

அந்த வார்த்தை அவளை உலுக்கிவிட்டது. களி உள்ளே போகாவிட்டால் கால் போய்விடும். எப்படியாவது உள்ளே போக வேண்டும். அன்று சாயங்காலம் ஏழாம் நம்பர் கிண்ணத்தில் மட்டும், தன் கொட்டானிலிருந்து எலுமிச்சங்காய் அளவு கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கிளறினாள். ராஜையன் ஒரு வாய் தின்றான், நிமிர்ந்து அவளைப் பார்த்தான், கிண்ணத்தை வழித்துத் தின்றான்.

அவள் திருட்டுத்தனமாகச் செய்தாள் என்று நினைக்காதீர்கள். சீனி என்பது கடையில் காகிதத்தில் பொதிந்து தருகிற வெள்ளைப் பொடி. சர்க்கரை என்பது கரும்பு ஆலையில் காய்ச்சி வருகிற அச்சு. அதெல்லாம் உடம்புக்குக் கேடு, அவளுக்குத் தெரியாதா? கருப்பட்டி அப்படியா? பிள்ளை பெற்றவளுக்குக் கருப்பட்டி, வயசுக்கு வந்தவளுக்குக் கருப்பட்டி, சளிக்குச் சுக்கும் கருப்பட்டியும். அவள் ஊரில் அது மருந்துப் பெட்டியில் இருக்க வேண்டிய சாமான். டாக்டர் தாளிலும் அந்தப் பெயர் இல்லை. இருந்திருந்தால் ஞானபாய் அந்தக் கொட்டானைத் தொட்டிருக்கவே மாட்டாள். அவளுக்குத்தான் எல்லாவற்றுக்கும் பயமாயிற்றே!

சீனி விஷயத்தில் அவளைப்போலக் காவல் காத்தவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. யாரோ பார்க்க வந்தவர்கள் ராஜையன் கையில் ஒரு லட்டைக் கொடுத்தபோது பாய்ந்து பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். எறிந்துவிட்டு, வந்தவர்கள் கோபிப்பார்களே என்று அதற்கும் பயந்தாள்.

இரண்டு வாரம் போயிற்று. ஒன்றாம் கட்டில் மஞ்சளுக்கு வந்தது. மூன்றாம் கட்டில் பச்சைக்கு வந்தது. தாணுமாலயன் பிள்ளை வசவைக் குறைத்துக்கொண்டார். ஏழு மட்டும் செங்கலாகவே நின்றது. ஞானபாய் தினமும் லேப் வாசலில் போய் நிற்பாள். குழாயைப் பார்க்க மாட்டாள், பகவதியின் முகத்தைப் பார்ப்பாள். அவன் உதட்டைப் பிதுக்குவான். அவள் திரும்பிப்போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மரத்திலிருந்து இறக்கிவிடும் என்று கேட்டாயே, இதோ இறக்குகிறேன் என்று கர்த்தர் சொல்கிறாரோ? அந்த நினைப்பு வந்த நாளிலிருந்து அவளுக்கு ஜெபம் பண்ணவும் பயமாகிவிட்டது.

ஒருநாள் டாக்டர் அவளைக் கூப்பிட்டார்.

"ஞானபாய், உள்ளதைச் சொல்லு. உன் ஆம்படையான்ங்கிற பாசத்திலே சீனி ஏதாவது குடுத்துட்டியா?"

"கர்த்தர் சத்தியமா இல்ல சாரே. வேதபுஸ்தகத்துல அடிச்சுச் சொல்லுவேன் சாரே. ஒரு மணி கொடுக்கல்ல."

அவள் நடுங்கிய நடுக்கத்தைப் பார்த்து டாக்டருக்கே பாவமாகிவிட்டது. பொய் சொல்கிறவள் இப்படி நேராகப் பார்த்துச் சொல்ல மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவள் சொன்னதும் பொய்யில்லையே. "சிலருக்கு வெந்தயம் கேட்காது போலிருக்கு" என்று தமக்குள் சொல்லிக்கொண்டு போனார். அதை அவள் கேட்டுவிட்டாள். கேட்காது என்றால் போதவில்லை என்றுதானே அர்த்தம்? அன்றிலிருந்து ஏழாம் கிண்ணத்தில் இன்னும் ஒரு கரண்டிக் களி கூடுதலாக வைத்தாள். களி கூடினால் கசப்பும் கூடும். ஆகவே கருப்பட்டியையும் கூட்டினாள்.

முப்பத்தெட்டாம் நாள் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏழாம் கட்டில் என்று சர்ஜன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ராஜையனிடம் கையெழுத்து வாங்கப் போனபோது அவன் பெருவிரலை நீட்டினான், கைநாட்டு. ஞானபாய் சமையலறையில் எட்டுக் கிண்ணங்களையும் கழுவப் போட்டுவிட்டு, எதற்குத் தண்ணீர் எடுத்தோம் என்று தெரியாமல் செம்பும் கையுமாக நின்றாள்.

அப்போது பகவதி வெந்நீர் கேட்டு வந்தான். எல்லோரும் இப்படித் திட்டுகிறார்களே, அப்படி என்னதான் கசப்பு என்று, சும்மா விளையாட்டாகத்தான், பக்கத்தில் கிடந்த கிண்ணத்தில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். மறுபடியும் தொட்டு வைத்தான்.

"அக்கா, இது என்னக்கா இனிக்கு?"

"கருப்பட்டி போட்டேன் பிள்ளே. அவிய தின்ன மாட்டேங்கியாவல்லா."

"எல்லாக் கிண்ணத்திலயுமா?"

"இல்ல. ஏழாம் நம்பருக்கு மட்டுந்தான். சீனி இல்ல பிள்ளே, நம்ம வீட்டுக் கருப்பட்டியாக்கும்."

பகவதி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனான். அவன் முகம் போன விதம் அவளைப் பின்னாலேயே இழுத்தது. களியில் கொஞ்சத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டினான். குழாயில் நீலத்தை ஊற்றி எட்டுச் சொட்டு விட்டான். விளக்கைப் பற்றவைத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஞானபாய் குழாயைக் கண்கொட்டாமல் பார்த்தாள். நீலம் கலங்கிப் பச்சையாயிற்று. பச்சை மஞ்சளாயிற்று. பிறகு அடியிலிருந்து செங்கல் நிறம் திரண்டு மேலே வந்தது.

அவள் கை கிண்டிய களி. அவள் காய்ச்சிய கருப்பட்டி. அவன் ஏறி இறக்கியது.

"அக்கா, உக்காருங்க. உக்காருங்கக்கா." பகவதி ஸ்டூலை இழுத்துப் போட்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "இஞ்ச பாருங்க, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லிராதீங்க. டாக்டர் நாப்பது நாளாட்டு ராப்பகலா எழுதுத எழுத்தாக்கும் இது. தெரிஞ்சா உங்கள வேலையிலேருந்து அனுப்பிருவாவ. கேஸு கீஸுன்னு ஆனாலும் ஆவும். இனிமே போடாதீங்க, அவ்வளவுதான்."

"வெள்ளிக்கெழம?"

அவன் விளக்கை மூடி அணைத்தான்.

சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கால் போகும், வேலை இருக்கும். நொண்டிக் கணவனுக்குக் கஞ்சி ஊற்ற அந்த வேலை வேண்டாமா? சொன்னால் வேலை போகும், போலீஸ் வந்தாலும் வரும். அதற்குப் பிறகும் கால் மிஞ்சும் என்று யார் கண்டது? பயப்படுவதற்கென்றே பிறந்த அந்த மனுஷிக்கு, எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமே நின்றது. ஆனால் அவள் நினைப்பில் ஓடியது சர்ஜன் கையால் போட்ட கோடு. அவள் எழுந்து போய்க் கொட்டானிலிருந்து ஒரு வட்டுக் கருப்பட்டியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சமையலறையிலிருந்து டாக்டரின் அறை நாற்பது அடி இருக்கும். நடுவில் இரண்டு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டாள். மேட்ரன் எதிரே வந்து, "எந்தா ஞானபாயீ?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் தாண்டிப் போனாள். ஆறு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை என்பதால் மேட்ரனே திரும்பி நின்று பார்த்தாள்.

டாக்டர் நிமிர்ந்தார். அவள் முடிச்சை அவிழ்த்துக் கருப்பட்டியை மேஜைமேல், அவருடைய தாள்களின்மேலேயே வைத்தாள்.

"இதப் போட்டேன் சாரே. களியில. மூணாம் நாளுலேருந்து. இது சீனின்னு எனக்குத் தெரியாது சாரே. என்னய ஜெயில்ல போடுங்க. அவிய கால வெட்டாதீங்க."

டாக்டருக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்தது. எழுந்தார், உட்கார்ந்தார். "எவ்வளவு?" என்றார். அவள் விரல்களைக் குவித்துக் காட்டினாள். "ஒரு நாளைக்கா?" "ஒரு நேரத்துக்கு சாரே." அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கருப்பட்டியின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு, அது கரையும்வரை சுவைத்தார். அவருடைய வீட்டிலும் சுக்குக் காப்பிக்கு அதைத்தான் தட்டிப் போடுவார்கள்.

"நான் எழுதிக் குடுத்த லிஸ்டைக் கொண்டா" என்றார்.

அவள் ஓடிப்போய்ச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தாள். டாக்டர் அதை மேலிருந்து கீழாக ஒரு தடவை படித்தார். பின்னும் ஒரு தடவை படித்தார்.

"இல்லை. நான் எழுதலை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சர்ஜனின் அறைக்குப் போனார். உள்ளே இங்கிலீஷில் உரத்த பேச்சு கேட்டது. ஞானபாய் வெளியே தரையில் உட்கார்ந்து புடைவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தது.

"பத்து நாள். அதுக்குமேல ஒரு நாள்கூடக் கிடையாதுங்கறார். போ, களியைக் கிண்டு."

வேலை போகவில்லை, போலீஸ் வரவில்லை. ஆனால் அந்தப் பத்து நாளை ஜெயிலில் கழித்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். முதல் நாள் வெறும் களியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கருப்பட்டி தீர்ந்துபோயிற்று என்று பொய் சொன்னாள். அவன் கிண்ணத்தை நகர்த்தி வைத்தான். இரண்டாம் நாள் தட்டிவிட்டான்; கிண்ணம் உருண்டு தாணுமாலயன் பிள்ளையின் கட்டிலடியில் போய் நின்றது. மூன்றாம் நாள் அவன் அழுதான். நாற்பது அடி உயரத்தில் காற்றில் ஆடிக்கொண்டு பாளை சீவுகிற மனுஷன், எல்லோர் எதிரிலும் அழுதான்.

"வெட்டத்தானே போறாவ? அதுக்கு முன்ன வாய்க்கு ஒரு துண்டு கருப்பட்டி தரப்பிடாதாடி ஒனக்கு?"

இனிமேல் மறைக்க முடியாது. டாக்டரிடம் சொன்னதைவிட இதைச் சொல்லத்தான் அவளுக்கு நாக்கு எழவில்லை. அந்த மனுஷனுக்கு உலகத்தில் பெருமை என்று இருந்தது ஒன்றே ஒன்று, ராஜையன் வீட்டுக் கருப்பட்டி என்றால் களியக்காவிளைச் சந்தையில் கேட்டு வாங்குவார்கள் என்பது.

"அதுதான் உங்களக் கொல்லுது" என்றாள். "நம்ம கருப்பட்டி. பகவதி வெளக்குல வெச்சுக் காட்டினான். செவப்பாட்டு வந்துது. நான்தான் போட்டேன். மத்த ஏழு பேருக்கும் நான் எரக்கம் காட்டல்ல, அவிய தேறிட்டாவ. உங்களுக்குக் காட்டினேன். இந்தக் கால் என்னால போவுது. என்னய என்ன வேணாலும் செய்யுங்க, இதத் தின்னுங்க."

தாணுமாலயன் பிள்ளைகூட வாயை மூடிக்கொண்டிருந்தார். ராஜையன் தன் கால் விரல்களைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவன் கையை ஓங்குவான் என்று நினைத்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தா" என்றான்.

கண்ணைத் திறந்தபோது அவன் வாயைத் திறந்துகொண்டிருந்தான். அவள் ஊட்டினாள். அவன் கண்ணில் நீர் வழிய வழிய விழுங்கினான். குமட்டியபோது அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு விழுங்கினான். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

ஐந்தாம் நாள் செங்கல் மங்கியது. ஏழாம் நாள் மஞ்சள். எட்டாம் நாள் மறுபடி கொஞ்சம் சிவந்தது; அன்று முழுவதும் ஞானபாய் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பத்தாம் நாள் காலை அவள் லேப் வாசலில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள், ராஜையன் மரத்தில் இருக்கும்போது நிற்பாளே அப்படி.

"அக்கா, திரும்பிப் பாருங்க" என்றான் பகவதி.

"நீயே சொல்லு பிள்ளே."

"நான் சொல்ல மாட்டேன். நீங்க பாருங்க."

பச்சை. வாழையின் குருத்துப் பச்சை. ஞானபாய் அந்தச் சூடான குழாயைக் கையில் வாங்கப் போனாள். பகவதி பதறித் தடுத்தான்.

சர்ஜன் கட்டை அவிழ்த்துப் பார்த்து, மோந்து பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்தார். கறுப்பு மேலே ஏறாமல் நின்றிருந்தது. அதன் ஓரத்தில் சிவப்பாகச் சதை தெரிந்தது. கையால் மறுபடி ஒரு கோடு போட்டார். இந்தத் தடவை பாதத்தின் நுனியில். இரண்டு விரல்கள் போயின. கால் நின்றது.

வெந்தயம்தான் செய்ததா, கருப்பட்டி நின்றது செய்ததா, ஆஸ்பத்திரியின் அளந்த சாப்பாடு செய்ததா என்று டாக்டர் அழகியநம்பிக்கும் அறுதியாகச் சொல்ல முடியவில்லை. "எட்டுப் பேரை வச்சுண்டு நான் என்னத்தைச் சொல்ல?" என்று பகவதியிடம் சலித்துக்கொண்டாராம். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார், இருபது பேரோடு. சுவரில் புதுத்தாள் ஒட்டினார். அதில் முதல் வரியே கருப்பட்டிதான். அதற்குக் கீழே இன்னொரு வரி: இதில் இல்லாத எதையும் கொடுக்குமுன் ஞானபாயைக் கேட்க. அந்த வரியைப் பகவதி படித்துக் காட்டியபோது, தன்மேல் ஏதோ குற்றம் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்து அவள் பயந்தே போனாள்.

ராஜையன் பிறகு பனை ஏறவில்லை. பெருவிரலும் அடுத்ததும் இல்லாத காலால் மரத்தைப் பிடிக்க முடியாது. ஞானபாய் கேட்டது கிடைத்துவிட்டது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை; நன்றி சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை, குறை சொல்லவும் துணிச்சல் இல்லை. அவள் ஊர்த் தாலூகா திருவிதாங்கூரை விட்டு மதராஸோடு சேர்ந்த ஐம்பத்தாறாம் வருஷம் அவள் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டாள். மற்றவர்கள் இறக்கிய பதனீரை ராஜையன் காய்ச்சிக் கொடுத்தான். பதம் பார்க்க ஒரு சொட்டு நாக்கில் வைக்க வேண்டும். அவன் அகப்பையை அவளிடம் நீட்டுவான். அவள் நக்கிப் பார்த்து, ஆச்சு என்றோ இன்னும் கிண்டணும் என்றோ சொல்வாள். அவன் அகப்பையைக் கழுவி வைக்கும்வரை அவள் கண் அதைவிட்டு அகலாது.

பகவதி ஒரு சீசா நீலமும் ஒரு குழாயும் கொடுத்தனுப்பியிருந்தான். காலையில் விளக்கைப் பற்றவைத்து அவளே சோதிப்பாள். ராஜையன் வாசற்படியில் இரண்டு விரல் குறைந்த காலை நீட்டி உட்கார்ந்திருப்பான்.

"நீலமாடி?" என்பான்.

நீலமாக இருந்தால் நீலம் என்பாள். பல நாள் அது நீலமாக இருக்காது. அப்போது அவளுக்குப் பயம்தான். இருந்தாலும் என்ன நிறமோ அதை அப்படியே சொல்லிவிடுவாள்.

"மஞ்சள்."

"சரி, களியக் கொண்டா" என்பான் அவன், வாயைத் துடைத்துக்கொண்டு.